அம்மாவை ‘ஆ’ காட்டச் சொன்ன பதினொரு நாட்கள்

அன்று காலை அம்மா என்னிடம் என்ன சொல்ல வந்தார்?

இதை எழுதுகிற இந்த நேரம் வரை எனக்குத் தெரியாது. மருந்துக் குளிசைகள் அவருடைய உள்ளங்கையில் இருந்தன. மற்றக் கையில் தண்ணீர்க் கோப்பை. என்னை நிமிர்ந்து பார்த்து, “புள்ள, ஒரு கதை கிடக்கு” என்றார். நான் பாடசாலைக்குப் போகச் சேலை உடுத்திக்கொண்டிருந்தேன். மூன்று வயது மகளுக்கு இன்னும் தலை சீவி இழுக்கவில்லை. “முதல்ல குடிங்கம்மா, மறுகா கதைப்பம்” என்றேன். அம்மா குடித்தார். பிறகு நாங்கள் கதைக்கவில்லை. இப்போது கேட்டால், அப்படி ஒன்றும் சொல்ல வரவில்லை, உனக்குத்தான் நினைவு பிசகிவிட்டது என்கிறார்.

நான் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற ஆசிரியை. மருத்துவம் தெரிந்தவள் இல்லை. சீனி வருத்தத்துக்குக் குளிசை குடிக்கிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள் இதை வாசித்தால், நான் செய்ததைச் செய்யாமல் இருப்பார்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் தேற்றாத்தீவில் இருக்கிறோம். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். எனக்குக் கல்யாணம் ஆனதும் அம்மா முன்வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டுப் பின்னால் குசினியோடு ஒட்டிய அறைக்குப் போய்விட்டார். அப்பா காலமாகிப் பல வருடம். இரண்டு கடைகளுக்கு அம்மா இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். மூன்றரைக்கு எழும்பினால்தான் ஏழு மணிக்குக் கடையில் இடியப்பம் இருக்கும். அந்த இடியப்பத்தில்தான் நான் கல்வியியல் கல்லூரி முடித்தேன். அறைக்கும் என் வீட்டுக்கும் இடையே இருபது எட்டு நடைதான் இருக்கும். அந்த இருபது எட்டுக்குள் இரண்டு வருடமாக என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. இரத்தம் சோதித்ததில் நீரிழிவு என்றார்கள். மெட்போமின் என்ற குளிசை கொடுத்தார்கள். பலருக்கும் முதலில் கொடுப்பது இதைத்தானாம். ஈரல் இரத்தத்துக்குள் விடுகிற சீனியை இது குறைக்கும். தொடங்குகிற நாட்களில் வயிற்றைப் பிரட்டும், சத்தி, அதாவது வாந்தி வரும், சிலருக்கு வயிற்றாலும் போகும். கொஞ்சமாகத் தொடங்கி மெல்லக் கூட்டினால் அனேகருக்கு உடம்பு பழகிவிடும். இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது, உறையில் எழுதியிருந்த “காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்” மட்டும்தான்.

முதல் மாதத்தில் ஒரு நாள் அம்மா சொன்னார், இந்தக் குளிசை குடித்தால் வயிறு பிரட்டிக்கொண்டே கிடக்கிறது என்று. எல்லோருக்கும் அப்படித்தான், போகப் போகச் சரியாகும் என்றேன். அதன்பிறகு அவர் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

இந்த வருடம் கிளினிக்கில் பார்த்தபோது சீனி கூடிக் கிடந்தது. முந்தின மாதமும் அப்படித்தான், அதற்கு முந்தின மாதமும் அப்படித்தான். டொக்டர் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு மெட்போமினை இரட்டிப்பாக்கினார். கிளிக்லசைட் என்று இன்னொரு குளிசையும் சேர்த்தார். பிறகு என் கையிலிருந்த பாடசாலைப் பையைப் பார்த்து, “வீட்ட ஒரு டீச்சர் இருந்துமா அம்மாட சீனி இப்பிடி?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என் காது சூடாகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது அம்மா குளிசைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். இனிக் குளிசை என் பொறுப்பு என்று நான் சொன்னேன். 

அடுத்த நாள் விடியவே தொடங்கினேன். ஐந்து மணிக்குக் குசினிக்குப் போய்க் குளிசையைக் கையில் கொடுப்பது, தண்ணீர் கொடுப்பது, குடிக்கும் வரை நிற்பது. அம்மா எனக்கு ஒரு கதை கிடக்கிறது என்றது இந்த முதல் நாளில்தான். அன்று எனக்கு எல்லாம் பிந்திவிட்டதால் ஏழு மணிக்குத்தான் கொடுத்தேன்.

எங்கள் பாடசாலையில் பூச்சிக் குளிசை கொடுக்கிற நாளில் பிள்ளைகள் அதை நாக்குக்குக் கீழே ஒளித்து வைத்துவிட்டுப் பின்னால் போய்த் துப்புவார்கள். அதனால் ஒவ்வொருவராக வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்த்துத்தான் வகுப்புக்கு அனுப்புவோம். இரண்டாம் நாள் அம்மாவிடம் நான் அதைச் செய்தேன். “ஆ காட்டுங்கம்மா.” முதலில் விளையாட்டுப் போலத்தான் சொன்னேன். அம்மாவும் சிரித்துக்கொண்டு காட்டினார். மூன்றாம் நாள் அவர் சிரிக்கவில்லை. நான் சொல்வதை நிறுத்தவுமில்லை.

மூன்றாம் நாளே சத்தி தொடங்கியது. கிணற்றடிக்குப் போய், வாளிக்குள் குழாய்த் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சத்தி எடுப்பார். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, “இடியப்பம் அவிக்கிறவ சத்தி எடுக்கிறா எண்டு கேள்விப்பட்டா, ஆர் புள்ள வாங்குவான்?” என்றார். ஒரு கிழமை பொறுத்தால் பழகிவிடும் என்றேன். அன்று ஒரு வேலை செய்தேன். சத்திக்குள் குளிசை வந்திருக்கிறதா என்று தடியால் கிளறிப் பார்த்தேன். காணவில்லை. ஆனாலும் சந்தேகத்துக்கு இன்னொன்று கொடுத்தேன். அதையும் அவர் குடித்தார். அதற்கும் வாயைத் திறந்து காட்டினார்.

கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் சில கிழமைகளில் தணிந்துவிடும் என்று கிடந்தது. இன்னொரு பக்கத்தில் சத்தி நிற்காவிட்டால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள் என்று கிடந்தது. எனக்கு வசதியான பக்கத்தை நம்பினேன். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. இடையில் போனால், குளிசையைக் கொடுக்கவும் தெரியாத டீச்சர் என்று நினைப்பார்களோ என்றும் யோசித்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அம்மாவின் சாப்பாடு குறைந்துகொண்டே போனது. மீன் வாசம் பிடிக்கவில்லை. அவித்த மாவின் ஆவி பிடிக்கவில்லை, ஆனால் அதற்குள்தான் நிற்க வேண்டும். இஞ்சித் துண்டு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு இடியப்பம் பிழிவார். பகலில் பால் விடாத பிளேன்டியும் இரண்டு பிஸ்கட்டும். இரவில் சொதி விட்டு இரண்டு வாய்ச் சோறு. நான் முட்டை அவித்துக் கொடுத்தேன், பப்பாசி வெட்டிக் கொடுத்தேன். தட்டு அப்படியே திரும்பி வரும். ஆனால் குளிசை மட்டும் ஒரு நேரமும் தவறவில்லை. அதை ஒரு கொப்பியில் சரி போட்டு வைத்தேன், வகுப்பு வரவு மாதிரி.

பதினோராம் நாள் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் குளிசையோடு குசினிக்குப் போனேன். அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அடுப்புக்கு முன்னால் நிற்கிறவருக்கு வியர்க்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். மா இல்லாத இடியப்ப உரலைத் தட்டின் மேல் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். மா முடிந்துவிட்டதா என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்து, “தங்கச்சி, அந்தத் தட்ட எடு” என்றார். நித்திரை போதாமல் தடுமாறுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. குளிசையைக் கையில் வைத்தேன். விரல்கள் மடங்கவில்லை. இரண்டும் மாப் பாத்திரத்துக்குள் விழுந்தன. எனக்கு எரிச்சல் வந்தது. எடுத்துத் துடைத்து நானே வாயில் வைத்துக் கோப்பையைச் சாய்த்தேன். தண்ணீர் வாயோரத்தால் நாடியில் வழிந்தது.

“ஆ காட்டுங்க” என்றேன்.

வாய் திறந்தது. குளிசை நாக்கின் மேல் அப்படியே கிடந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே சரிந்துவிட்டார்.

என் கணவர் வாவியில் ஓடுகிற வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். வேலைக்குப் புறப்பட்டு நின்றவர் ஓடி வந்து, குளிசையை வாயிலிருந்து எடுத்து எறிந்துவிட்டு அம்மாவைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டோம். வழியெல்லாம் மாரடைப்போ பாரிசவாதமோ என்று பயந்தேன். ஆஸ்பத்திரியில் தாதி ஒருவர் விரலைக் குத்தி மெஷினைப் பார்த்தார். முப்பத்தெட்டு. சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்றார். “இல்ல மிஸ், அம்மாக்குச் சீனி கூட” என்று நான் அவரோடு வாதாடினேன். அதற்குள் அவர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். சில நிமிடங்களில் அம்மாவின் கண் ஆளைத் தேடியது. முதலில் கேட்டது அடுப்பை அணைத்தாயிற்றா என்றுதான்.

என்ன நடந்தது என்று பிறகு விளங்கப்படுத்தினார்கள். மெட்போமின் தனியாகப் பெரிதாகச் சீனியை இறக்காது. புதிதாகச் சேர்த்த கிளிக்லசைட் அப்படி இல்லை. அது உடம்பை இன்சுலின் சுரக்கச் செய்யும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். முதல் குளிசையால் சத்தி, சத்தியால் சாப்பாடு இல்லை, சாப்பாடு இல்லாத வயிற்றில் இரண்டாவது குளிசை. சீனி அளவுக்கு மேல் இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும், ஆள் மாறிக் கூப்பிடுவார்கள். எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. நான் அடுப்பு வெக்கை என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியின் பெண்கள் விடுதியில் ஐந்து நாள் இருந்தோம். எட்டாம் இலக்கக் கட்டில். அந்தக் குளிசையின் வேகம் அடங்க நேரம் எடுக்குமாம், பின்னேரம் திரும்பவும் சீனி இறங்கியது. மணிக்கொரு தரம் விரல் குத்தினார்கள். சூட்டுத் தட்டைப் பிடித்துப் பிடித்து அம்மாவின் விரல் நுனிகள் காய்த்துக் கிடந்தன. ஊசி இரத்தம் கொண்டு வரவில்லை. “என்னம்மா இது, விரல்ல தோல் இல்ல, தார் ரோட்டுப் போட்டுக் கிடக்கு” என்றார் தாதி. அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை இரண்டாம் நாளுக்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் கிரியேட்டினின் என்ற பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுவது. சத்தியெடுத்து உடம்பில் தண்ணீர் வற்றியதால் அது கூடியிருந்தது. சேலைன் ஏற்றினால் இறங்கும் என்றார்கள். அதுவரை மெட்போமினையும் நிறுத்தினார்கள். சிறுநீரகம் சுணங்கிய நேரத்தில் அந்தக் குளிசை உடம்பில் தங்கினால் அரிதாகச் சிலருக்கு இரத்தத்தில் அமிலம் சேரும், அது ஆபத்தாம். நாங்கள் இன்னும் இரண்டு நாள் வீட்டில் இருந்து நான் குளிசையைக் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் என்ற நினைப்பை என்னால் இன்னும் முடிக்க முடியவில்லை.

விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு இளம் பெண் டொக்டர். கொப்பியைப் பார்த்துவிட்டு, இரண்டு வருடமாக மெட்போமின் குடிக்கிறவருக்கு இப்போதுதான் தொடங்கியவர் மாதிரி ஏன் இவ்வளவு சத்தி என்று யோசித்தார். குளிசை ஒழுங்காகக் குடித்தவரா என்று என்னிடம் கேட்டார். “ஓம் டொக்டர். நான்தான் பக்கத்தில நிண்டு குடுக்கிறன்” என்றேன். பதினொரு நாள் உண்மையை இரண்டு வருடத்துக்கு நீட்டிச் சொன்னேன். அம்மா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

அன்று மத்தியானம் சத்தியை நிறுத்துகிற ஒரு குளிசையைத் தாதி கொண்டு வந்தார். அம்மா வாங்கிப் போட்டுத் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். தாதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னம்மா, இஸ்கூல் புள்ளையா நீங்க?” என்றார். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தார். அம்மா என் பக்கம் ஒரு தரம் பார்த்தார், பிறகு போர்வையைச் சரி செய்தார். நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, அதற்குள் சுடுதண்ணீர் நிறையக் கிடக்கும்போதே, சுடுதண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

வீட்டுப் பக்கம் என் கணவர் சமாளித்தார். கடைக்காரர்களிடம் இடியப்பம் வராது என்று சொன்னால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, அவரே பிழிய இறங்கியிருக்கிறார். இஞ்சின் எண்ணெய் போகத் தேசிக்காய்ப் புளி போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் மாவைத் தொட்டாராம். ஒரு கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, இஞ்சினுக்குப் போடுற வொஷரா?” என்று கேட்டு, இருந்தாலும் பாதியை எடுத்துக்கொண்டாராம். பார்வை நேரத்தில் அவர் இதைச் சொல்ல அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் கனுலா குத்திய கையைப் பிடித்துக்கொண்டார். வெளி லாப்பில் எடுக்கச் சொன்ன ஒரு பரிசோதனைக்கும் அவர்தான் எங்கேயோ கடன் மாறிக் கட்டினார். எவ்வளவு என்று எனக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். மகளை வெளி வாசல் படலைக்குக் கொண்டு வருவார், நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கதைப்பேன். தலையை அவர்தான் இழுத்திருப்பார், வகிடு கோணிக் கிடக்கும். அம்மாவிடம் இருந்தால் மகளுக்கு நான் இல்லை, மகளிடம் ஓடினால் அம்மாவுக்கு நான் இல்லை என்று இரண்டு பக்கமும் குற்றமாக இருக்கும்.

மூன்றாம் நாள் சின்னம்மா வந்தார். அம்மாவின் ஒரே தங்கை. வாவிக்கு அக்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிறார். விதைப்புக்கும் வெட்டுக்கும் வயல் வட்டைக்குள் கூலிக்குப் போகிறவர். அவருக்கும் சீனி வருத்தம். வந்தவர் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். பிறகு மடியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். “மிச்சம் இவ்வளவுதான் அக்கா. இனி எனக்கு வேணாம். உனக்கு இல்லாமத்தானே இப்பிடி வந்த?” என்றார்.

டப்பாவைத் திறந்தது நான். உள்ளே மெட்போமின் குளிசைகள். அதோடு மடித்து மடித்து வைத்த சின்னக் கடதாசி உறைகள், கிளினிக்கில் கொடுக்கிறவை. ஒவ்வொன்றிலும் என் அம்மாவின் பெயர். இருபதுக்கு மேல் இருந்தன. அக்காவின் பெயர் எழுதிக் கிடந்ததால் எறிய மனம் வரவில்லை என்றார் சின்னம்மா.

இதை வெளியூர்க்காரருக்குச் சொல்லி விளங்க வைக்க வேண்டும். மருந்துத் தட்டுப்பாடு வந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையின் வீடுகளுக்குள் குளிசையை அரிசி போலக் கைமாற்றாக வாங்கிக் கொடுத்தோம். ஒருவருக்குக் கிளினிக்கில் கிடைத்தால் கிடைக்காத வீட்டுக்குப் பத்துப் போகும். நானே எத்தனையோ தரம் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எங்கள் ஊரின் நல்ல குணம் என்று வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் மிஞ்சிவிட்டது. சின்னம்மா கூலி போகும் என்று இரண்டு கிளினிக்கை விட்டிருக்கிறார். மூன்றாவதுக்குப் போனால் ஏசுவார்கள் என்று போகவே இல்லை. அந்த நேரம் அம்மாவுக்கு இந்தக் குளிசை ஒத்துவரவில்லை. இரண்டு பேருக்கும் கணக்குச் சரியாகிவிட்டது. மாதா மாதம் கிளினிக்கில் வாங்கிய மெட்போமின் அப்படியே வாவியைத் தாண்டிப் போயிருக்கிறது.

அதாவது அம்மா கிட்டத்தட்ட இரண்டு வருடமாக மருந்து குடிக்கவே இல்லை. குடிக்காத மருந்து போதவில்லை என்று டொக்டர் கூட்டினார். கூட்டியதை, அதுவரை ஒன்றும் குடிக்காத வயிற்றுக்குள், முதல் நாளே முழுதாக இறக்கியது நான்.

சின்னம்மா போன பிறகு அம்மா என் கையைப் பிடித்தார். “டொக்டரிட்ட சொல்லாத புள்ள. அவளுக்கும் ஏசுவாங்க, என்ட கிளினிக் கொப்பியையும் வெட்டி மருந்த நிப்பாட்டுவாங்க.”  ஆனால் அம்மா இரண்டு வருடம் குடித்தவர் என்று நினைத்துத்தான் டொக்டர் அடுத்த மருந்தை எழுதப் போகிறார். பின்னேரம் அவர் வந்தபோது சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு முன்னால்தான் சொன்னேன், பின்னால் போய்ச் சொல்லவில்லை என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல். சின்னம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொன்னது பொய் என்றும், பதினொரு நாள் நான் என்ன செய்தேன் என்றும் சொன்னேன். சத்திக்குப் பிறகு இரண்டாவது குளிசை கொடுத்ததையும் சொன்னேன்.

டொக்டர் ஏசவில்லை. ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவிடம், “விடிய எத்தின மணிக்குச் சாப்பிடுவீங்க?” என்று கேட்டார்.

“பத்து, பத்தரை ஆகும் மகள்.”

“அப்ப காலைக் குளிசை?”

“எழும்பின உடன. தேத்தண்ணியோட.” அம்மா போர்வை ஓரத்தை மடித்தார். “மூணு கிழமை அப்பிடித்தான் குடிச்சன். அடுப்புக்கு முன்னால நிக்க ஏலா. மாவுக்குள்ள சத்தி எடுத்திருவனோ எண்டு பயம். அதுக்குப் பிறகு விட்டுட்டன்.”

டொக்டர் எழுதிக்கொண்டார். “சாப்பாட்டுக்குப் பின்” என்றால் அம்மாவுக்குப் பத்தரை மணி. நாலு மணிக்கு வெறும் வயிற்றில், ஆவிக்கு முன்னால் நின்று குடித்தால் யாருக்கும் பிரட்டத்தான் செய்யும். இரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இருபது எட்டில் இருந்த நானும் கேட்கவில்லை.

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். உங்களுக்கு எது சரி என்பதை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். சத்தி வருகிறது என்று சொன்னால் மருந்தைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், மெல்லக் கரைகிற வகையைக் கொடுக்கலாம், வேறு மருந்துக்குப் போகலாம். சொல்லாமல் விட்டால் அவர்களுக்குத் தெரிவது கொப்பியில் உள்ள எண் மட்டும்தான். அம்மா இனிப் புதிதாகத் தொடங்குகிறவர் போலத்தான் தொடங்க வேண்டும். சிறுநீரகம் சரியான பிறகு, குறைந்த அளவில், இரவுச் சாப்பாட்டோடு. பாதிச் சோறு தின்று, குளிசையைக் குடித்து, மிச்சச் சோற்றைத் தின்பது. பொரியலும் எண்ணெயும் குறைவு. வயிறு நிரம்பத் தின்னாமல் கொஞ்சம் கொஞ்சமாக. தின்றவுடன் படுக்கக் கூடாது. சத்தி எடுத்தால் அந்த நேரக் குளிசையைத் திரும்பக் கொடுக்கக் கூடாது. சாப்பாடும் தண்ணீரும் வயிற்றில் நிற்காமல் சத்தி தொடர்ந்தால், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும். கிளிக்லசைட்டை நிறுத்திவிட்டார். எழும்பிப் போகும்போது, அந்தக் குளிசைகளை வாங்கியவர் யாரோ, அவரையும் கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கள், யாரும் ஏச மாட்டார்கள் என்றார்.

டொக்டர் போனதும் அம்மா மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். “நீ பெரிய டீச்சர். ஊருக்கே சொல்லு” என்றார். அடுத்த நாள் மத்தியானம் வரை என்னோடு கதைக்கவில்லை. நான் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றி வைப்பேன். நான் அங்கால் போனதும் எடுத்துக் குடிப்பார்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கிரியேட்டினின் இறங்கிவிட்டது. அம்மா இப்போது ஒரு கடைக்கு மட்டும் அவிக்கிறார். எழும்பியதும் தேத்தண்ணீரோடு ஒரு துண்டுப் பாண் தின்கிறார். இரவுக் குளிசை சோற்றுக்கு நடுவில். சின்னம்மா தன் பக்கத்துக் கிளினிக்கில் பதிந்துவிட்டார், முதல் நாள் என் கணவர்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார். போன கிளினிக்கில் அம்மாவின் சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. குளிசையைக் கூட்டுவதா, இதிலேயே வைப்பதா என்று அடுத்த மாதம் முடிவெடுப்பார்கள். அது அம்மாவுக்கு வயிறு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நாங்கள்.

இங்கேதான் நான் நிற்கிறேன். நான் குளிசை கொடுப்பதை விட்டுவிட்டேன். பெட்டி அம்மாவின் அறையில்தான் இருக்கிறது. நான் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்காமல் இருப்பது சரிதானா என்றும் தெரியவில்லை. பிரட்டுகிறதா என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறார். டொக்டர் ஒரு வழி சொல்லித் தந்தார், குமட்டல் பத்துக்கு எத்தனை என்று கேட்கச் சொல்லி. கேட்டேன். அம்மா என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, “ரெண்டு” என்றார். ரெண்டு என்பது எனக்குச் சந்தோஷம் தருகிற எண் என்று அவருக்குத் தெரியும். மறுநாளும் இரண்டு, அதற்கு மறுநாளும் இரண்டு. அன்று காலை அவர் இரண்டு தரம் கிணற்றடிக்குப் போய் வந்ததை நான் கண்டிருந்தேன். முகம் கழுவப் போனாரோ, சத்தி எடுக்கப் போனாரோ, போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மகளை விட்டுக் கேட்கச் செய்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார். என் கணவர் கேட்டால் சிரித்துப் பேச்சை மாற்றுகிறார். கேட்கிறவள் நானாக இருக்கும் வரை அவர் உண்மையைச் சொல்ல மாட்டாரோ என்று தோன்றுகிறது. அதற்கு அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது, மருந்து குடிக்கிற அம்மாவையோ அப்பாவையோ மாமியையோ வீட்டில் வைத்திருப்பவர்கள் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். உங்களிடம் அவர்கள் உண்மையைச் சொல்கிறார்களா? சொல்கிறார்கள் என்றால், நீங்கள் எந்த நேரத்தில், எப்படிக் கேட்கிறீர்கள்? ஒரு தரம் பயப்படுத்தி விட்ட பிறகு திரும்பவும் கேட்கத் தொடங்கியவர்கள் யாராவது இருந்தால், முதல் வார்த்தை என்ன சொன்னீர்கள்? கிளினிக்குக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.